பழைய அவுட்போர்டு இன்ஜினின் கார்புரேட்டரைக் கழற்றி, சுத்தம் செய்து, திரும்ப மாட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதாலேயே கார்புரேட்டர் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக் கடலுக்குப் போகாதீர்கள். பவுலை (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணம்) கழற்றி, கொஞ்சம் ஸ்பிரே அடித்து, மாட்டி, கயிறு இழுத்ததும் ஓடிவிட்டது, வேலை முடிந்தது என்று கிளம்புவதுதான் பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களின் பிஸ்டனைக் கொல்லும் பழக்கம். இவற்றில் பெரும்பாலானவற்றில் ஆயில் தனியாக வருவதில்லை, பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. ஜெட் (பெட்ரோல் வரும் பொடி ஓட்டையுள்ள பித்தளைத் திருகு) முழுதாக அடைத்துக்கொண்டால் இன்ஜின் ஓடவே ஓடாது, அதனால் சேதமும் இல்லை. பாதி அடைத்திருந்தால்தான் ஆபத்து: ஓடும், ஆனால் பெட்ரோல் குறைவு, ஆயிலும் குறைவு, பிஸ்டன் சூடு ஏறிக்கொண்டே போகும், கரையிலிருந்து நன்றாகத் தள்ளிப் போன பிறகு ஃபுல் ரேஸில் ஜாம் ஆகி நிற்கும். ஆகவே இந்த வேலையை எடுத்தால் முழுசாகச் செய்யுங்கள், அரைகுறையாகச் செய்வதைவிடத் தொடாமல் விடுவது மேல்.

நான் இங்கே சொல்வது 8 முதல் 15 குதிரைத்திறன் வரையிலான, இரண்டு சிலிண்டர், ஒரே கார்புரேட்டர் உள்ள பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளுக்கு. யமஹா 9.9, 15, சுசுகி டிடி வரிசை மாதிரியானவை. நம் கரையில் ஃபைபர் படகுகளிலும் வள்ளங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை இவைதான். பெரிய இன்ஜின்களில் இரண்டு மூன்று கார்புரேட்டர் இருக்கும், அவற்றை ஒன்றோடொன்று ஒத்திசைக்க வேண்டும் என்பது கூடுதல் வேலை. மற்றபடி வழி ஒன்றுதான்.

முதலில், குற்றவாளி கார்புரேட்டர்தானா?

ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் எல்லாரும் கார்புரேட்டரில்தான் கை வைப்பார்கள். அதற்கு முன் பிளக்கைக் கழற்றி இன்ஜின் உடம்பில் பட வைத்து, கயிற்றை இழுத்துப் பாருங்கள், கரண்ட் நீலமாகத் தெறிக்கிறதா? இதைப் பெட்ரோல் சிந்தியிருக்கும் இடத்தில், பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் செய்ய வேண்டாம். இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஏறத்தாழ சமமாக இருக்கிறதா? இரண்டும் சரி என்றால் பெட்ரோல் பக்கம் வரலாம்.

அதிலும் கார்புரேட்டரா, அதற்கு முந்தைய பாதையா என்று பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. இன்ஜின் ரேஸில் திணறும்போது இன்னொருவர் பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் பல்பை அழுத்திக்கொண்டே இருக்கட்டும். அப்போது இன்ஜின் தெளிந்து ஓடினால் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை, பம்பு, குழாய், டேங்க் பக்கம்தான் கோளாறு. பல்ப் சப்பிப்போய்க் கிடந்தால் டேங்க் மூடியின் காற்றுத் திருகை யாரோ திறக்க மறந்திருக்கிறார்கள், அல்லது டேங்குக்கும் பல்புக்கும் நடுவில் அடைப்பு. எவ்வளவு அழுத்தினாலும் பல்ப் கெட்டியாகவே ஆகவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது, அல்லது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை மூடும் நீடில் மூடவில்லை.

கார்புரேட்டர்தான் என்றால் அதுவே எந்த இடம் என்று சொல்லிக்கொடுக்கும். ரேஸில் ஓடுகிறது, ஸ்லோவில் அணைந்துவிடுகிறது என்றால் ஸ்லோவுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டும் அதன் துவாரங்களும். ஸ்லோவில் அணையாமல் ஓடுகிறது, ரேஸ் கொடுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் மெயின் ஜெட், அல்லது பவுலில் தண்ணீர். சோக் இழுத்தால் ஓடுகிறது, விட்டால் அணைகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை, ஏதோ ஒரு வழி அடைத்திருக்கிறது. காற்று இழுக்கும் வாயிலிருந்து பெட்ரோல் சொட்டினால் நீடில் வால்வு அல்லது அதைத் தூக்கி மூடும் மிதவையான ஃப்ளோட். இதை ஒரு தாளில் எழுதி வையுங்கள், கழற்றிய பிறகு எந்த இடத்தை மூன்று தடவை பார்க்க வேண்டும் என்று அது சொல்லும்.

என்னென்ன வேண்டும்

திருப்புளி விஷயத்தில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஜப்பான் இன்ஜினில் இருக்கும் கூட்டல்குறி திருகுகள் பார்வைக்கு சாதாரண ஃபிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் அது ஜேஐஎஸ் என்ற வேறு அளவு. சாதாரண ஃபிலிப்ஸ் திருப்புளி அதற்குள் முழுசாக இறங்காது, அழுத்தித் திருகினால் வழுக்கி மேலே ஏறி, திருகின் தலையை மழித்துவிடும். பவுல் திருகுகள் நான்கில் ஒன்று மழிந்துவிட்டால் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும். ஜேஐஎஸ் 2 நம்பர் திருப்புளி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பைக் மெக்கானிக்குக்கும் அதுதான் பயன்படும். ஜெட்டுகளைக் கழற்ற, அதன் வெட்டு அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் தட்டைத் திருப்புளி வேண்டும். ஜெட் பித்தளை, மென்மையானது, சின்னத் திருப்புளியால் ஓரத்தில் நெம்பினால் உடைந்து உள்ளேயே தங்கிவிடும்.

மற்றபடி 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், மூக்கு பிளையர், இரண்டு கேன் கார்புரேட்டர் ஸ்பிரே, கம்ப்ரசர் காற்று, துருவுக்கு அடிக்கும் ஆயில், கண்ணாடி, கையுறை, பிரித்துப் பிரித்துப் போட சின்னக் கிண்ணங்கள், ஃபோன் கேமரா. துடைக்க பனியன் வேஸ்ட் வெளிப்பக்கத்துக்குச் சரி, ஆனால் உள்பாகங்களைத் தொடவே கூடாது, அதன் நூல் ஒன்று போதும் பைலட் துவாரத்தை மறுபடி அடைக்க.

ரிப்பேர் கிட் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். இன்ஜினைப் படகில் பிடித்திருக்கும் பிராக்கெட்டில் ஒரு தகடு இருக்கும், அதில் உள்ள மாடல் குறியீட்டையும் சீரியல் நம்பரையும் படம் எடுத்துக் கடையில் காட்டி வாங்குங்கள். வெறும் "15 எச்பி கிட்" என்று கேட்டால், அதே குதிரைத்திறனில் வேறு வருட மாடலுக்கானதைத் தந்துவிடுவார்கள். கிட்டில் நீடில், சில மாடல்களில் அது உட்காரும் சீட், பவுல் பேக்கிங், ஓ-ரிங்குகள், மேனிஃபோல்டு (கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடம்) பேக்கிங் இருக்கும். ஃப்ளோட் பெரும்பாலும் தனி.

இடம் முக்கியம். படகுக்குள் உட்கார்ந்து செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கி நிற்கும், எங்கோ பேட்டரி ஒயர் ஒரு பொறி தட்டினால் போதும். கரையில், காற்றோட்டமான நிழலில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு செய்யுங்கள். பீடி, அடுப்பு எல்லாம் தூரத்தில்.

கழற்றுதல்

கவரை எடுத்ததும் ஃபோனை எடுங்கள். த்ராட்டில் லிங்க் (ரேஸ் பிடியிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் கம்பி) எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது, சோக் கம்பி எந்தப் பக்கம், குழாய் எப்படி வளைந்து வருகிறது என்று நான்கு கோணத்தில் படம். பிறகு முன்னால் உள்ள காற்றுப் பெட்டியைக் கழற்றுங்கள். பெட்ரோல் குழாயை இழுக்கும்போது பிளையரால் பிய்க்காமல், திருகித் திருகி வெளியே எடுங்கள். பழைய குழாய் விறைத்துப் போயிருந்தால் வெட்டிவிடுங்கள், எப்படியும் அதை மாற்றத்தான் போகிறீர்கள்.

கார்புரேட்டரை மேனிஃபோல்டில் பிடிப்பவை வழக்கமாக இரண்டு நட் அல்லது போல்ட். கடல் இன்ஜினில் இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அரித்துப் பூத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். முதல் நாளே ஆயில் அடித்து ஊறவிடுவது நல்லது. வரவில்லை என்றால் முதலில் இறுக்கும் பக்கம் துளி அசைத்து, அப்புறம் கழற்றும் பக்கம், இப்படி முன்னும் பின்னும். ஸ்டட் உடைந்தால் அது தனிக் கதை, பொறுமையாக இருங்கள்.

கார்புரேட்டர் கையில் வந்ததும் மேனிஃபோல்டு வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். அதற்குள் ஒரு வாஷர் விழுந்தாலும் நேராகக் கலவையை இன்ஜினுக்குள் விடும் ரீட் வால்வில் போய் உட்காரும்.

பவுலில் இருப்பதைப் படியுங்கள்

பவுலின் அடியில் ஒரு டிரெயின் திருகு இருக்கும். அதைத் திறந்து, உள்ளே இருப்பதைத் தரையில் கொட்டிவிடாமல் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். இந்த இன்ஜினுக்கு என்ன நடந்தது என்பது அந்த டம்ளரில் தெரியும்.

அடியில் தனியாக ஒரு அடுக்கு நின்றால் தண்ணீர். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அதனால் பவுலின் அடியில் தங்கும், மெயின் ஜெட்டும் அங்கேதான் உறிஞ்சுகிறது, எனவே ஒரு ஸ்பூன் தண்ணீர் போதும் ரேஸில் இன்ஜினை நிறுத்த. பழுப்பு நிறத் தூள் என்றால் டேங்க் துரு. பிசுபிசுப்பான பழுப்புக் கோந்து என்றால் இன்ஜினைப் பல மாதம் பெட்ரோலோடு போட்டிருக்கிறார்கள்: பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும், ஆயில் போகாது, அதுதான் ஜெட்டில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பித்தளையில் பச்சைக் களிம்பும் அலுமினியத்தில் வெள்ளையாகப் பூத்ததும் இருந்தால் உப்புத் தண்ணீரே உள்ளே வந்திருக்கிறது. அலுமினியம் பள்ளம் பள்ளமாக அரித்துப் போயிருந்தால், அதுவும் நீடில் சீட் பக்கத்திலோ துவாரங்களின் வாயிலோ என்றால், கிட் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள், வேறு கார்புரேட்டர் தேடுங்கள். கருப்பாக ரப்பர் துணுக்குகள் மிதந்தால் குழாயின் உள்பக்கம் உரிந்து வருகிறது.

இங்கே எத்தனால் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக எல்லா பங்க்குகளுக்கும் வந்துவிட்டது. எத்தனால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், கடலோரக் காற்றில் கேட்கவே வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகக் கீழே இறங்கிவிடும். அந்த அடுக்கில் ஆயில் கரையாது. பழைய இன்ஜினின் ரப்பர் பாகங்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஊதி மென்மையாகும். இன்னொன்று, எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை ஏழெட்டு சதவீதம் பெட்ரோல் குறைந்த பக்கம் சாய்கிறது. இதோடு பாதி அடைத்த ஜெட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே

பவுல் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றித் தளர்த்துங்கள். பவுல் ஒட்டிக்கொண்டிருந்தால் திருப்புளியை நடுவில் விட்டு நெம்ப வேண்டாம், பிளாஸ்டிக் கைப்பிடியால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினால் விடும். ஃப்ளோட்டைப் பிடித்திருக்கும் பின் ஒரு பக்கமாகத்தான் வெளியே வரும், சில மாடல்களில் அதற்கு ஒரு சின்னத் திருகு காவல். ஃப்ளோட்டைத் தூக்கும்போது நீடிலும் அதில் தொங்கிக்கொண்டு வரும். பின்னைத் தாங்கும் இரண்டு கால்கள் வார்ப்பு அலுமினியம், உடைந்தால் ஒட்ட முடியாது.

நடுவில் மெயின் ஜெட், அதை எடுத்தால் அதற்கு மேலே மெயின் நாசில், பக்கத்து ஓட்டையில் பைலட் ஜெட், சில மாடல்களில் அது ஒரு ரப்பர் மூடிக்குள் ஒளிந்திருக்கும். ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், முன்பு யாராவது வேறு எண் ஜெட்டைப் போட்டிருந்தால் இப்போது தெரியும்.

ஸ்லோ கலவையைச் சரிசெய்யும் பைலட் திருகைக் கழற்றும் முன், அதை உள்ளே திருகி எத்தனை சுற்றில் மெதுவாகப் போய் முட்டுகிறது என்று எண்ணி எழுதுங்கள். முட்டிய பிறகு இறுக்காதீர்கள், அதன் ஊசி முனையும் உள்ளே இருக்கும் துவாரமும் கெட்டுப்போகும். எழுதிய பிறகு திருகு, ஸ்பிரிங், இருந்தால் ஓ-ரிங், எல்லாவற்றையும் எடுங்கள். காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு குட்டித் திருகுகளை மட்டும் தொடாதீர்கள். அவற்றின் முனையை அடித்து விரித்திருப்பார்கள், கழற்றினால் மரை போகும், திரும்ப மாட்டிய பின் ஓட்டத்தில் கழன்றால் நேராக இன்ஜினுக்குள் போய்விடும்.

சுத்தம் செய்தல்: நேரம் எல்லாம் இங்கேதான்

ரப்பர், பிளாஸ்டிக், ஓ-ரிங், ஃப்ளோட் எல்லாம் ஸ்பிரேயில் நனையக் கூடாது, தனியே வையுங்கள். மீதியைக் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவிடலாம். நகைக்கடை மாதிரி சின்ன அல்ட்ராசோனிக் தொட்டி கிடைத்தால் இன்னும் நல்லது, சுடுநீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். அதில் பெட்ரோலோ தின்னரோ ஊற்றிச் சூடேற்றினால் தீப்பிடிக்கும். குத்துவிளக்கைத் தேய்க்கிற புளியில் ஜெட்டைப் போட்டு எடுத்தால் பளபளக்கும் என்று கரையில் சொல்வார்கள். பளபளக்கும்தான், ஆனால் அமிலம் களிம்பை மட்டுமல்லாமல் பித்தளையையும் கொஞ்சம் தின்னும், அளவு பார்த்துத் துளைத்த ஓட்டைக்கு அது வேண்டாம். வினிகரில் அலுமினிய உடம்பை ஊறவைப்பது அதைவிட மோசம்.

இப்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துவாரத்தில் ஸ்பிரே அடித்தால் அது எதிர்பார்க்காத இன்னொரு துவாரத்தில் வெளிவந்து நேராகக் கண்ணில் அடிக்கும். அந்தக் குணம்தான் நமக்கு உதவியும்கூட. ஒவ்வொரு துவாரத்திலும் ஸ்பிரேயின் குழலை வைத்து அடித்து, எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் அடித்தது எங்கும் வரவில்லை என்றால் அங்கே அடைப்பு. வந்தாலும், நேர்கோடாகப் பலமாக வருகிறதா, இல்லை கசிந்து வழிகிறதா என்று கவனியுங்கள். கசிந்தால் பாதி அடைப்பு. நாம் தேடுவது அதைத்தான்.

குறிப்பாக மூன்று இடங்கள். ஒன்று, பைலட் ஜெட் உட்காரும் கிணற்றிலிருந்து த்ராட்டில் தட்டு வரை போகும் வழி. காற்றுக் குழாயின் உள்சுவரில், தட்டு மூடினால் அதன் விளிம்பு வந்து நிற்கும் இடத்தில், ஊசி முனை அளவில் இரண்டு மூன்று துவாரங்கள் வரிசையாக இருக்கும். ஸ்லோவிலிருந்து ரேஸுக்கு மாறும் நேரத்தில் பெட்ரோல் இவற்றின் வழியாகத்தான் வருகிறது. டார்ச் அடித்து எல்லாவற்றிலும் ஸ்பிரே வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு, காற்று வாயின் முகப்பில் இருக்கும் காற்றுத் துவாரங்கள். இவை அடைத்தால் பெட்ரோல் அதிகமாகிப் பிளக் கருக்கும், புகை கக்கும், மக்கள் மெயின் ஜெட்டைக் குறை சொல்வார்கள். மூன்று, மெயின் நாசிலின் பக்கவாட்டில் உள்ள பொடி ஓட்டைகள். இவற்றில் நான்கு திறந்து இரண்டு அடைத்திருந்தால்கூட இன்ஜின் ஓடும், ஆனால் சீராக ஓடாது.

அடைப்பு போகவில்லை என்றால் ஊறவை, அடி, காற்று, மறுபடி ஊறவை. குத்துவதென்றால் பழைய ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பி இழை மட்டும். செம்பு பித்தளையைவிட மென்மை, ஓட்டையை அகட்டாது. ஸ்டீல் கம்பி, குண்டூசி, கிதார் கம்பி, டிரில் பிட் எதையும் உள்ளே விடாதீர்கள், ஜெட்டின் ஓட்டை முடியளவு பெரிதானாலும் அது வேறு எண் ஜெட்டாகிவிடும். கடைசியில் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓட்டை முழு வட்டமாகத் தெரிய வேண்டும், ஓரத்தில் பிறை மாதிரி நிழல் இருந்தால் இன்னும் படிவு இருக்கிறது. ரொம்ப மோசமென்றால் புது ஜெட், ஒரு பிஸ்டன் விலைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

உடம்பில் சில இடங்களில் வட்டமான உலோகத் தகடுகள் அடித்து மூடியிருக்கும். அவற்றுக்குப் பின்னால் துவாரங்கள் உண்டு. புதுத் தகடு கையில் இல்லாமல் அவற்றைக் குத்தி எடுக்காதீர்கள்.

பாகங்களைச் சோதித்தல்

பழைய நீடிலின் கூம்பு முனையை நகத்தால் தடவுங்கள். வட்டமாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் அதுதான் பெட்ரோல் வழிந்ததற்குக் காரணம். கிட்டில் புது நீடில் இருக்கும்போது பழையதை மாட்டுவதில் அர்த்தமில்லை, சீட்டும் மாற்றக்கூடிய வகை என்றால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். உள்ளே கூடான ஃப்ளோட் என்றால் காதருகே குலுக்கிப் பாருங்கள், அப்புறம் சுடுநீரில் அமுக்குங்கள், குமிழி வந்தால் ஓட்டை.

த்ராட்டில் தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆட்டம் கண்டால் அந்த இடைவெளி வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும், ஸ்லோவை எப்படி வைத்தாலும் நிற்காது. அதற்குக் கிட்டில் மருந்து கிடையாது. மேனிஃபோல்டில் உட்காரும் முகத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஆட்டம் பாருங்கள். போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியவர்கள் கையில் அது வளைந்திருக்கும். கொஞ்சம் வளைவு என்றால் கண்ணாடி மேல் நைஸ் உப்புத்தாளை ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்கலாம், துவாரங்களை மறுபடி கழுவ மறக்காமல்.

திரும்பக் கோத்தல்

நாசில், மெயின் ஜெட், பைலட் ஜெட். முதலில் விரலால் திருகி மரை சரியாகப் பிடித்த பின்தான் திருப்புளி, முட்டிய பிறகு ஒரு சின்ன இறுக்கு போதும். பைலட் திருகு, முன்பு எழுதி வைத்த சுற்று அளவுக்கு. முன்பிருந்ததே தப்பாக இருந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் உங்கள் மாடலின் மேனுவலில் உள்ள அளவு. ஒன்றிலிருந்து இரண்டு சுற்றுக்குள் ஏதோ ஒரு இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும்.

நீடிலை ஃப்ளோட் நாக்கில் மாட்டி, சீட்டில் இறக்கி, பின்னைச் செருகுங்கள். இப்போது ஃப்ளோட் மட்டம். கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட் தன் எடையில் நீடில் மேல் உட்காரும், நீடிலில் உள்ள ஸ்பிரிங் முனையை அது அமுக்கிவிடக் கூடாது. பேக்கிங் இல்லாத நிலையில் பவுல் முகத்திலிருந்து ஃப்ளோட் வரை அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். ஃப்ளோட்டை எந்தப் புள்ளியில் அளப்பது என்பது மாடலுக்கு மாடல் மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டுமென்றால் நாக்கைத்தான் வளைக்க வேண்டும், அதுவும் ஃப்ளோட்டைக் கழற்றி வைத்து. நாக்கு பிளாஸ்டிக் என்றால் வளைக்க முடியாது, தப்பான ஃப்ளோட் அல்லது நீடில் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மட்டம் தாழ்ந்தால் பெட்ரோல் குறையும், ஏறினால் வழியும்.

மூடும் முன் ஒரு சோதனை. பெட்ரோல் நுழையும் மூக்கில் சுத்தமான புதுக் குழாய் ஒன்றை மாட்டி வாயால் ஊதுங்கள். நேராகப் பிடித்தால் காற்று போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் இப்போதே சரி செய்யுங்கள்.

புதுப் பேக்கிங், ஓ-ரிங் வைத்து, திருகுகளை மூலைக்கு மூலை இறுக்குங்கள். சிலிகான் பேஸ்ட் தடவினால் கசியாது என்று யாராவது குழாயை நீட்டினால் வாங்கி ஓரமாக வையுங்கள். பெட்ரோலில் அது ஊறிப் பிய்ந்து, நீங்கள் இவ்வளவு நேரம் திறந்த துவாரங்களிலேயே போய் அடைக்கும்.

கார்புரேட்டரோடு நிறுத்தாதீர்கள்

டேங்கில் துருவும் தண்ணீரும் அப்படியே இருக்க, கார்புரேட்டரை மட்டும் கழுவினால் சீக்கிரமே மறுபடி அதே வேலை. டேங்கைக் காலி செய்து கழுவிக் காய வையுங்கள். ஃபில்டரை மாற்றுங்கள். குழாய், பல்ப், கிளிப் எத்தனால் தாங்கும் ரகத்தில் புதிது. பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிரான்க்கேஸின் அழுத்தத் துடிப்பில் வேலை செய்வது. அது விறைத்தால் ஃபுல் ரேஸில் பெட்ரோல் போதாது, ஓட்டை விழுந்தால் பெட்ரோல் நேராகக் கிரான்க்கேஸுக்குள் போய் ஒரு சிலிண்டர் மட்டும் கருகி மிஸ்ஸிங் அடிக்கும். இந்தக் கிட்டையும் சேர்த்து வாங்குங்கள். சில சின்ன மாடல்களில் பம்பு கார்புரேட்டரின் பக்கவாட்டிலேயே ஒட்டியிருக்கும். இடமிருந்தால் தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்றைப் படகில் மாட்டிவிடுங்கள், நான் செலவு செய்யச் சொல்லும் ஒரே ஆடம்பரம் அது.

ஆயில் கலவையும் புதிதாக. 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி, எது என்று இன்ஜின் மேனுவலைப் பாருங்கள். பைக்குக்கு ஊற்றும் டூடி ஆயில் வேண்டாம், தண்ணீரால் குளிரும் அவுட்போர்டுக்கென்று டிசி-டபிள்யூ3 என்று எழுதியிருக்கும் ஆயில்தான்.

மாட்டி ஓட்டிப் பார்த்தல்

புது மேனிஃபோல்டு பேக்கிங்கோடு மாட்டி, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். படத்தைப் பார்த்து லிங்குகளை மாட்டி, பிடியைத் திருகி, தட்டு முழுசாகத் திறந்து முழுசாக மூடுகிறதா என்று உள்ளே எட்டிப் பாருங்கள். பல்பை அழுத்திக் கெட்டியானதும் சில நிமிடம் காத்திருந்து கசிவு பாருங்கள், அதற்குப் பிறகுதான் கயிறு.

தண்ணீர் இல்லாமல் ஓட்டாதீர்கள், ஒரு நிமிடம்கூட. டிரம்மில் இறக்கியோ படகிலேயோ ஓட்டுங்கள், இல்லையென்றால் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். ஐந்து பத்து நிமிடம் சூடான பிறகு ஸ்லோவைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். பைலட் திருகு எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்: த்ராட்டில் தட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருந்தால் அது கலவையைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். காற்று வாய்ப் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். கால் சுற்று திருகி, இன்ஜின் பதில் சொல்லச் சில நொடி கொடுத்து, மறுபடி கால் சுற்று. இன்ஜின் இருந்திருந்து தும்மினால், அதாவது பொட்டென்று ஒரு சத்தத்தோடு குலுங்கினால், பெட்ரோல் போதவில்லை. உருளல் சத்தத்தோடு புகைந்தால் அதிகம். சீராக, வேகமாக ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பெட்ரோல் கூடும் பக்கம் துளி தள்ளி விடுங்கள். பழைய டூ ஸ்ட்ரோக்கில் கொஞ்சம் அதிகம் என்பது பிளக்கைத்தான் அழுக்காக்கும், கொஞ்சம் குறைவு என்பது பிஸ்டனை எடுத்துவிடும். ஸ்லோ வேகத்தைக் கியர் போட்ட நிலையில், படகில் சரி பாருங்கள், டிரம்மில் வைத்த அளவு கடலில் நிற்காது.

எவ்வளவு திருகினாலும் மாற்றமே தெரியவில்லை என்றால் பைலட் வழி இன்னும் அடைத்திருக்கிறது. மறுபடி கழற்றுங்கள், வருத்தமாக இருக்கும், ஆனால் வேறு வழியில்லை. திருகினால் மாற்றம் இருக்கிறது, நிலை மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது என்றால் மேனிஃபோல்டு ஓரத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள், இன்ஜின் ஓசை மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. இதற்குக் கார்புரேட்டர் ஸ்பிரே அடிப்பவர்கள் உண்டு, சூடான இன்ஜினில் அது தீ விளையாட்டு.

கடைசியாகக் கரையோரத்திலேயே வழக்கமான சுமையோடு சில நிமிடம் ஃபுல் ரேஸ். இந்த 9.9, 15 ரக யமஹாக்கள் 4500 முதல் 5500 சுற்றுக்குள் ஏற வேண்டும், மீட்டர் இல்லையென்றால் திணறாமல் ஏறி ஒரே சத்தத்தில் நிற்கிறதா என்று காது சொல்லும். அப்படியே ரேஸிலேயே நிறுத்தும் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு, பிளக் இரண்டையும் கழற்றிப் பாருங்கள். ஸ்லோவுக்குக் கொண்டுவந்து அணைத்தால் பிளக் பொய் சொல்லும். பீங்கான் காபிப்பொடி நிறத்தில் இருந்தால் போகலாம். ஈரக் கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அவசரமில்லை. சுண்ணாம்பு வெள்ளை என்றால் கடலுக்குப் போகாதீர்கள், மெயின் ஜெட்டையும் பம்பையும் மறுபடி பாருங்கள். ஒரு பிளக் மட்டும் வெள்ளை என்றால் ஒரே கார்புரேட்டர் இரண்டு சிலிண்டருக்கும் கொடுக்கும் இன்ஜினில் அது கார்புரேட்டர் கோளாறு அல்ல, சீல் அல்லது பேக்கிங் வழியாக அந்தச் சிலிண்டர் காற்று இழுக்கிறது.

இனி அடைக்காமல் இருக்க

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எச்சரிக்கை என்று படகு வாரக்கணக்கில் கரையில் ஏறிக் கிடக்கும். அப்போது பவுலின் டிரெயின் திருகைத் திறந்து காலி செய்துவிடுங்கள். குழாயைப் பிடுங்கிவிட்டு இன்ஜினைத் தானாக அணையும்வரை ஓட்டுவது பலரின் பழக்கம், அது முழுசாகக் காலியாக்காது, கடைசி நொடிகளில் ஆயிலும் போதாமல் ஓடும். டிரெயின் திருகு ஒரு நிமிட வேலை. கன்னியாகுமரிப் பக்கம் மண்ணெண்ணெய் இன்ஜின் வைத்திருப்பவர்கள் அணைப்பதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள், பவுலில் மண்ணெண்ணெயோடு நின்றால் மறுநாள் காலை கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும்.

எத்தனால் பெட்ரோலைக் கலந்து டேங்கில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். கழற்றிய பழைய நீடில், நல்ல நிலையில் உள்ள பழைய ஜெட், ஜேஐஎஸ் திருப்புளி, இரண்டு பிளக் இவற்றை ஒரு டப்பாவில் போட்டுப் படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிளக் உங்கள் மேனுவல் சொல்லும் எண்ணிலேயே இருக்கட்டும், யமஹா 15இல் அது பி7எச்எஸ்-10, இடைவெளி 1 மில்லிமீட்டர்.